பாலிக் புலாவ் மலைச்சரிவில் கண்ட பாடம்
(தோட்டத் தொழிலாளர் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற விடுமுறையில் நாங்கள் சிலர் பினாங்கிலுள்ள பாலிக் புலாவுக்குப் போய் வந்தோம். தீவின் பின்புறம் என்பதே அப்பெயரின் பொருள். ஜார்ஜ் டவுனிலிருந்து மலையைத் தாண்டினால் சரிவெங்கும் சிறு சிறு பழத்தோட்டங்கள். கடையில் நாம் பொட்டலமாக வாங்கும் கிராம்பும் சாதிக்காயும் அங்கே டுரியானோடு கலந்து நிற்கின்றன.

ஜூன், ஜூலையில் டுரியான். அதைப் பறிப்பதில்லை; பழுத்துத் தானே விழ வேண்டும். நாம் பிரட்டுக்கு நிற்கும் விடியற்காலையில் அவர்கள் கூடையோடு மரத்தடியில் நிற்கிறார்கள். கிராம்பை மொட்டாகவே பறித்து வெயிலில் காயவைக்க வேண்டும். பூத்துவிட்டால் மதிப்புப் போயிற்று. சாதிக்காயிலோ எதுவும் வீணில்லை. கொட்டை ஒரு சரக்கு. அதைச் சுற்றிய சிவந்த சாதிபத்திரி மற்றொரு சரக்கு. சதை ஊறுகாயாகவும் பானமாகவும் விலை போகிறது. ஒன்று ஓய்ந்தால் மற்றொன்று கைகொடுக்கிறது.

இந்தப் பாடம் சும்மா வந்ததல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் மொலுக்காஸ் தீவுகளிலிருந்து சாதிக்காய்க் கன்றுகள் பினாங்குக்கு வந்தன. முதலாளிகள் அதையே நம்பித் தோட்டம் தோட்டமாக நட்டார்கள். 1860-ஆம் ஆண்டையொட்டி நோய் விழுந்தது; தோட்டங்கள் அழிந்தன. ஒரே பயிரை நம்பியவன் ஒரே நாளில் விழுவான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

நம் நிலை என்ன? மழை பெய்தால் வெட்டு இல்லை. இலையுதிர் காலத்தில் வாளி நிறைவதில்லை. மரத்துக்கு ஓய்வு உண்டு. நம் வயிற்றுக்கு ஓய்வு உண்டா?

"அப்படியானால் நாமும் நட்டுக்கொள்வோமே" என்று உடன் வந்த ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் விதையிலிருந்து வளரும் சாதிக்காய் காய்க்க ஏறத்தாழ ஏழு ஆண்டு செல்லும். ஆண் மரமா பெண் மரமா என்பது பூத்த பிறகே தெரியும். ஆண் மரம் காய்க்காது. காலடி மண் நிலைக்கும் என்ற நம்பிக்கை உள்ளவனே அத்தனை காலம் காத்திருப்பான். வேலை போனால் வீடும் போகும் என்று அஞ்சி வாழும் நாம் எந்தத் துணிவில் மரம் நடுவது? லயத்துக்குப் பின்னால் நாம் நட்ட முருங்கையையும் மரவள்ளியையும் ஒரு தோட்டத்தில் ஒரே நாளில் வெட்டித் தள்ளியதை நாங்கள் கண்ணால் கண்டோம்.

சிறு விவசாயிக்கும் துன்பம் உண்டு; மறுக்கவில்லை. விலை சரியும், குரங்கும் அணிலும் பழத்தைத் தின்னும். ஆயினும் அவன் நட்ட மரம் அவனுடையது.

ஆகவே தோழர்களே, கூலி உயர்வோடு நம் கோரிக்கை நின்றுவிடக் கூடாது. குடியிருக்கும் வீடும் அதைச் சுற்றிய மண்ணும் நமக்கு உறுதியாக வேண்டும். ஒவ்வொரு லயத்திலும் எத்தனை குடும்பம், எத்தனை அடி வெற்று நிலம் என்று கணக்கெடுங்கள். எழுதித்தரக் கிராணிமார்கள் நாங்கள் இருக்கிறோம். அக்கணக்கோடு நிர்வாகத்தின் முன் ஒன்றாகப் போய் நிற்போம்.

நம் பிள்ளைகள் காய் பறிக்கும் மரத்தை நாம் நடுவோம்.