சைக்கிள் எங்கேப்பா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியது)



விழாக் குழுவினர் என்னை ஜப்பானியத் தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாடு பற்றித்தான் பேசச் சொன்னார்கள். அதில் என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். நேற்று ராத்திரி ஹாஸ்டல் மொட்டை மாடியில் பேசிக்கொண்டிருந்தபோது, எங்கள் செட்டில் மூன்று பேர் சீக்கிரமே குடும்பத்தோடு ஊர் மாறப்போகிறார்கள் என்று தெரிந்தது. "பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டீங்களாடா?" என்று கேட்டேன். "சின்னப் பசங்கதானே, போனா தானா பழகிடும்" என்றார்கள். நானும் அப்படி நினைத்தவன்தான். அதனால் தலைப்பை மாற்றிக்கொள்கிறேன். தலைவர் மன்னிக்கணும்.

2023 ஜனவரியில் வேலை மாற்றலாகி நகோயா பக்கம் ஒரு சிறிய ஊருக்குப் போனோம். மகளுக்கு அப்போது ஆறரை வயது. குரோம்பேட்டையில் ஒன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் என்ன சொன்னோம் தெரியுமா? "பத்து நாள் டூர் போறோம்." உண்மையைச் சொன்னால் பாட்டியைக் கட்டிக்கொண்டு அழுவாள், குழந்தை மனசு கஷ்டப்படும் என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். அவள் அழுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதுதான் நிஜம்.

பதினோராவது நாள் காலையில் ஷூ போட்டுக்கொண்டு, தன் சின்னப் பையோடு வாசல் கதவருகில் உட்கார்ந்திருந்தாள். "பத்து நாள் முடிஞ்சுதுப்பா" என்றாள். அன்றைக்கு நான் ஆபீஸுக்குத் தாமதமாகத்தான் போனேன்.

அங்கே கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அவள் வயதுப் பிள்ளைகள் அந்த ஏப்ரலில்தான் ஒன்றாம் வகுப்பே சேர்கிறார்கள். இவளும் மறுபடி ஒன்றாம் வகுப்பு. "நான் ஃபெயிலாப்பா?" என்று கேட்டாள். யாரும் அவளுக்கு விளக்கிச் சொல்லவில்லை. பெரியவர்களுக்கு அது ஒரு விண்ணப்பப் படிவம், அவ்வளவுதான்.

பள்ளியில் பேச்சே இல்லை. தெருப் பிள்ளைகள் வரிசையாகச் சேர்ந்து நடந்து போவார்கள், மஞ்சள் தொப்பியோடு இவளும் கூடவே போவாள். சாயங்காலம் அதே வரிசையில் திரும்பி வருவாள். ஏப்ரல், மே, ஜூன், வாயே திறக்கவில்லை. நான் பயந்துபோய் தினமும் ராத்திரி ஜப்பானிய வார்த்தைகளை ஒப்பிக்க வைத்தேன். நாம் ஒரு மெஷினை இடம் மாற்றினால் என்ன செய்வோம்? அடித்தளம் பார்த்து, லெவல் பார்த்து, முதலில் லோடு இல்லாமல் ஓட விடுவோம். வந்திறங்கிய அன்றைக்கே முழு லோடு கொடுத்தால் சூப்பர்வைசர் நம்மைத் திட்டித் தீர்த்துவிடுவார். பெற்ற மகளுக்கு அதைத்தான் செய்தேன். அவளுடைய வகுப்பாசிரியை அதிகம் பேசாத அம்மா. "கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள், விடுங்கள்" என்ற பொருளில் ஏதோ சொன்னார். புது மொழிக்குள் போகும் குழந்தைகள் மாதக்கணக்கில் வாய் திறக்காமல் இருப்பது உண்டு என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அவளைத் தூக்கிவிட்டது பாடம் இல்லை, சாப்பாடு. அங்கே மதிய உணவைப் பிள்ளைகளே முறை வைத்து, வெள்ளைத் தொப்பியும் மேலங்கியும் போட்டுப் பரிமாறுகிறார்கள். பரிமாற மொழி வேண்டாமே! இவள் முறை வந்த வாரம் வீட்டில் முதல் தடவையாகப் பள்ளிக் கதை சொன்னாள், அதுவும் தமிழில். "வீட்டிலும் ஜப்பானியமே பேசுங்கள்" என்று சிலர் யோசனை சொன்னார்கள். நல்லவேளை, கேட்கவில்லை. ஹிராகானா எழுத்து 46. அந்த அட்டவணையை ஒருநாள் அவளோடு உட்கார்ந்து பார்த்தேன். அ, இ, உ, எ, ஒ. அடுத்த வரிசை க, கி, கு, கெ, கொ. பௌத்தத்தோடு இந்திய எழுத்துமுறை அங்கே போய்ச் சேர்ந்ததன் தடம் அது. "பாட்டி சொல்லிக்கொடுத்த மாதிரியே இருக்கு!" என்று போனை எடுத்தாள். அங்கே ராத்திரி ஏழு என்றால் இங்கே மூன்றரை. பாட்டியின் மதியத் தூக்கம் போயிற்று.

அந்தப் போனில்தான் விஷயம் வெடித்தது. "பாட்டி, என் சைக்கிளைத் துடைச்சு வை" என்றாள். அம்மா பதில் சொல்லாமல் போனை மருமகளிடம் கொடுக்கச் சொன்னார். கிளம்பின மறுநாளே அதை அயர்ன்காரர் மகளுக்குக் கொடுத்தாயிற்று. "சைக்கிள் எங்கேப்பா?" என்று என்னைத்தான் கேட்டாள். இன்னொரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், பத்து நாள் டூர் உட்பட. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனேப்பா" என்றாள். நண்பர்களே, இத்தனை வருஷ சர்வீஸ் மெமோகூட இப்படி வலிக்காது.

வரும் மார்ச்சில் சென்னைக்கே திரும்புகிறோம். இந்தத் தடவை டிக்கெட் போடுவதற்கு முன்பே அவளிடம்தான் முதலில் சொன்னோம். அழுதாள். எங்களுக்கும் கண் கலங்கியது. வீடு ஒன்றும் இடிந்துவிடவில்லை. இப்போது ஒரு நோட்டில் பட்டியல் எழுதி வைத்திருக்கிறாள், பாதி தமிழில், பாதி அவர்கள் எழுத்தில். யார் யாரிடம் போய்ச் சொல்லிக்கொள்ளணும், எந்த மரத்தடியில் போட்டோ எடுக்கணும், டீச்சருக்கு என்ன கொடுக்கணும். ஏழாவது வரி: "சைக்கிள், கீழ்வீட்டுப் பாப்பாவுக்கு. நான்தான் குடுக்கணும். அப்பா இல்லை."