கடனின் தரம்: பேராக்கிலிருந்து ஒரு பார்வை

(ஈப்போவில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் சுருக்க வடிவம்)



தோட்டப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஓர் ஆசிரியரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. அதனால் கணக்கையே எடுத்துக்கொண்டேன். 2024 இறுதியில் மலேசிய வங்கிகள் கொடுத்த கடனில் ஏறத்தாழ 1.4 விழுக்காடுதான் தரம் கெட்ட கடன். நல்ல செய்திதான். ஆனால் இந்த எண்ணை எந்த விதியால் எடுத்தார்கள், யார் இதற்குள் அடங்கவில்லை என்று தெரியாமல் அதை நம்பக் கூடாது என்பதே என் வாதம்.

1. அடமானம் என்ற நம்பிக்கை

வங்கியின் சொத்தில் பெரும்பங்கு அது கொடுத்த கடன்தான். நாம் கட்ட வேண்டியது அதன் ஏட்டில் சொத்தாக நிற்கிறது. நாம் கட்டாமல் போனால் அந்தச் சொத்து கரையும். அதற்குத்தான் அடமானம். பேராக் மக்களுக்கு இது புதிதல்ல. 1920-களில் செட்டியார்கள் ரப்பர் நிலத்தின் கிராண்டை (பட்டாவை) வாங்கி வைத்துக்கொண்டு கடன் கொடுத்தார்கள். 1930-களின் பெருமந்தத்தில் ரப்பர் விலை அடிமட்டத்துக்குப் போனது. கடன்காரர் கை விரித்தார். நிலம் செட்டியார் கைக்கு வந்தது. வட்டி வாங்க வந்தவர் தோட்டக்காரர் ஆனார். ஆனால் கடனை முடக்கிய அதே விலைச் சரிவு அடமான நிலத்தின் மதிப்பையும் தின்றிருந்தது.

ஈயம் தோண்டிய கிந்தா பள்ளத்தாக்கும் இந்தப் பாடத்தைப் படித்தது. விலையைத் தாங்கிப் பிடித்த அனைத்துலக ஈய மன்றத்தின் கையில் பணம் தீர்ந்து, 1985 அக்டோபர் 24-இல் லண்டன் சந்தையில் ஈய வணிகம் நின்றது. விலை பாதியாக விழ, லம்பங்கள் என்ற ஈயச் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஊர் முழுக்க ஒரே தொழிலை நம்பியிருந்தால், ஒருவர் கடன் கெடும்போது அடுத்தவருடையதும் கெடும். அடமானங்களும் சேர்ந்தே விழும்.

மறு ஆண்டே கூட்டுறவுச் சங்கங்கள் சரிந்தன. 1986 ஜூலை, ஆகஸ்டில் வைப்புத்தொகை வாங்கிய 24 சங்கங்களை அரசு முடக்கியது. முடங்கிய வைப்புத்தொகை சுமார் 150 கோடி ரிங்கிட். சேமித்தவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். பங்குச் சந்தையிலும் நிலத்திலும் பணத்தைப் போட்டிருந்த சங்கங்கள், சந்தை சரிந்தபோது திருப்பித் தர வழியின்றி நின்றன. சேமிப்பு அதிக வட்டியைத் தேடிப் போயிருந்தது. மேற்பார்வை அதன் பின்னால் போகவில்லை.

2. விதி மாறினால் எண் மாறும்

1997-98 ஆசிய நிதி நெருக்கடிக்கு வருவோம். 1998-இல் நாட்டின் உற்பத்தி 7.4 விழுக்காடு சுருங்கியது. அந்த ஆண்டு தொடக்கத்தில் மூன்று மாதத் தவணை கட்டாவிட்டாலே வாராக்கடன் என்று விதியை இறுக்கியிருந்தார்கள். செப்டம்பரில் அதைத் தளர்த்தி ஆறு மாதம் என்றார்கள். நான்கு மாதம் கட்டாமல் இருந்தவர் ஒரு வெள்ளிகூடக் கட்டாமலே நல்ல கடன்காரர் பட்டியலுக்குத் திரும்பலாம்! கடன் அப்படியே இருக்க, எண் மட்டும் இறங்கும்.

அதே 1998-இல் வாராக்கடன்களை வாங்கி நிர்வகிக்க டானாஹர்த்தா என்ற அரசு நிறுவனம் உருவானது. அது நடந்த விதத்தைச் சற்று நெருங்கிப் பாருங்கள். 50 லட்சம் ரிங்கிட்டுக்கு மேற்பட்ட வாராக்கடன்களை வங்கிகளிடமிருந்து அது விலைக்கு வாங்கியது. நூறு வெள்ளிக் கடனுக்குச் சராசரியாக 46 வெள்ளி மதிப்பிட்டது. பெரும்பாலும் ரொக்கம் இல்லை, அரசு உத்தரவாதப் பத்திரம். பின்னால் அதற்கு மேல் வசூலானால் உபரியில் 80 விழுக்காடு வங்கிக்கு, 20 டானாஹர்த்தாவுக்கு. ‘விலை போதாது, விற்க மாட்டேன்’ என்று மறுத்த வங்கி, அந்தக் கடனை ஏட்டில் அந்த விலைக்கும் கீழே எழுத வேண்டும். 2005 இறுதியில் டானாஹர்த்தா பணியை முடித்தபோது வசூல் விகிதம் சுமார் 58 விழுக்காடு. உலக அளவில் பார்த்தால் நல்ல தேர்ச்சிதான்.

ஆனால் ஈப்போவில் ஒரு கடைவீட்டை அடகு வைத்து இரண்டு லட்சம் வாங்கியவர் அந்த வாசலுக்குள் நுழைய முடியாது. 50 லட்சம் பட்டவருக்கு மறுசீரமைப்பு. இரண்டு லட்சம் பட்டவருக்கு வங்கியின் கடிதம், பிறகு ஏலம்.

கொரோனாக் காலத்திலும் விதி எண்ணை மாற்றியது. 2020 ஏப்ரல் முதல் ஆறு மாதம் தனிநபர்களுக்கும் சிறு தொழில்களுக்கும் தவணை ஒத்திவைக்கப்பட்டது. அவசியமான உதவிதான்; ஆனால் பெரும்பாலான கடன்களில் வட்டி நிற்கவில்லை. தவணை நின்ற கடன் பாக்கியாக எண்ணப்படாததால் அந்த மாதங்களின் வாராக்கடன் விகிதம் கெடவில்லை. வருமானம் இழந்த வீடுகள் எத்தனை என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் முடியவில்லை.

3. எண்ணுக்கு வெளியே இருப்பவர்கள்

லயத்தில் வாழ்ந்து, தோட்டம் விற்கப்பட்டு வெளியேறிய குடும்பத்துக்கு வங்கி கேட்கும் அடமானம் ஏது? நிலப் பட்டா இல்லை. நாள்கூலிக்குச் சம்பளச் சீட்டும் ஒழுங்காக இல்லை. அவர்கள் போன இடம் கூட்டு என்ற சீட்டு, அடகுக்கடை, கடைசியில் ஆலோங் என்ற உரிமமற்ற வட்டிக்காரன். கூட்டைத் தொழிலாக நடத்த 1971-இலேயே சட்டம் தடை போட்டது. உரிமம் பெற்ற வட்டிக்காரர் அடமானமற்ற கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்றும் சட்டம் உண்டு. ஆலோங்கிடம் இந்தச் சட்டம் செல்லாது. அவனிடம் பட்ட கடன் எந்த வங்கியின் ஏட்டிலும் வராது. ஆகவே 1.4 விழுக்காட்டிலும் வராது.

மாற்று வழியும் இந்த மண்ணில்தான் பிறந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட் ஈன்ற அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தோட்டத் தொழிலாளரின் சிறு சந்தாவைச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கினார்கள். முதலாவது கெடாவின் புக்கிட் சீடிம். அடமானம் இல்லாதவர்களை நிலத்துக்கு உரியவர்களாக்கிய முயற்சி அது.

4. கேட்க வேண்டியது

வங்கி உறுதியாக இருப்பது எல்லாருக்கும் நன்மை. 2005-இல் வந்த வைப்புத்தொகைக் காப்புறுதி இன்று ஒரு வங்கியில் ஒருவருக்கு 2,50,000 ரிங்கிட் வரை காக்கிறது. ஆனால் உங்கள் சேமிப்பு கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தால் அந்தக் காப்பு உங்களுக்கு இல்லை. எனவே உங்கள் சங்கத்தின் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை மாதம் கட்டாவிட்டால் வாராக்கடன் என்று எழுதுகிறீர்கள்? தவணையை நீட்டிக் கொடுத்த கடனை எந்தப் பட்டியலில் வைக்கிறீர்கள்? கடனில் எத்தனை பங்கு ஒரே தொழிலுக்கும் ஒரே நிலத்துக்கும் போயிருக்கிறது? மூன்றுக்கும் நிர்வாகக் குழு எழுத்தில் பதில் தரட்டும். அதன் பிறகு கணக்கறிக்கையை ஏற்கக் கை தூக்குங்கள்.