தோட்டத்துப் பாட்டியின் பாட்டு

பாட்டி என்னும் சொல்லுக்குள்ளேயே பாட்டு அடங்கியிருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மொழிநூல் வல்லுநர் இதனை ஒப்பமாட்டார்கள். ஆனால் அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் வளர்ந்தவர் எவரும் இதனை எளிதில் மறுக்கவும் மாட்டார். அப்பாயி என்றும் அம்மாயி என்றும் அங்கே அழைக்கப்பெறும் மூதாட்டியரின் வாழ்வும் அவர்களது பாடலும் ஒன்றையொன்று பிரியாதவை. நேயர்களே, அந்த வாழ்வை நினைவுகூர்வதே இவ்வுரையின் நோக்கம்.

விடியுமுன் தப்பொலி எழும். மகளும் மருமகளும் படங்கைக் கட்டிக்கொண்டு, கூடையுடன் பெரட்டுக்களம் நோக்கி விரைவார்கள். லயத்தில் எஞ்சி நிற்பவள் கிழவி. ஒரு காம்பரா, ஓர் இஸ்தோப்பு; அவற்றுள் மூன்று தலைமுறை. அடுப்பை மூட்டி, சாயத்தண்ணீர் வைத்து, ரொட்டி தட்டி, பேரப்பிள்ளைகளைக் கவனிக்கும் பொறுப்பெல்லாம் அவளுடையதே. சில மூதாட்டியர் பிள்ளைக் காம்பராவில் தோட்டத்துக் குழந்தைகள் அனைவருக்கும் பாட்டியாயினர். அவர்களும் ஒரு காலத்தில் மலையேறிக் கொழுந்து பறித்தவர்களே. கூடைக் கயிறு அழுத்திய தடம் நெற்றியை விட்டு நீங்குவதில்லை.

குழந்தை அழுதால் தாலாட்டுப் பிறக்கும். பழஞ்சேலை ஒன்றை உத்தரத்தில் கட்டிய தொட்டில் அது. ஆனால் பாட்டிலோ பொன் தொட்டில், முத்துச் சரம், யானை மீது சீர் கொண்டுவரும் தாய்மாமன்! மாமனும் அதே மலையில் கவ்வாத்து வெட்டுபவனே என்பது பாடுகிறவளுக்குத் தெரியாததன்று. பொய் சொல்லித் தூங்கவைக்கிறாள் என்று கருதுவது பேதைமை. இக்குழந்தைக்கும் இவையெல்லாம் உரியவை என்று அவள் உரிமை கொண்டாடுகிறாள். திருச்சி, சேலம், மதுரைச் சீமைகளிலிருந்து மன்னார் வழியாகக் கால்நடையாய் வந்த முன்னோர் கொண்டுவந்த சொத்துகளுள் களவு போகாதது இது ஒன்றே.

ஒப்பாரியில் அவளது ஆற்றல் இன்னும் பெரிது. லயத்தில் ஒருவர் இறந்தால் முதலில் அழைத்துவரப்படுபவள் அவளே. இறந்தவர் யார் வயிற்றுப் பிள்ளை, எந்தத் தோட்டத்தில் பிறந்தார், எந்தக் கங்காணியின் கீழ் உழைத்தார், யாரை மணந்தார், எத்தனை பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தார் என்பன யாவும் முறை பிசகாமல் வந்துவிழும். எழுத்தறியாத அவளே அந்த லயத்தின் இடாப்பு.

இச்செய்தி சாதாரணமானதன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தந்தை இத்தீவில் பிறந்தமைக்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவு இல்லாத குடும்பங்கள் திகைத்தன. யார் எங்கே பிறந்தார் என்பதை ஒப்பாரியில் ஒழுங்காகச் சொல்லும் பாட்டி திண்ணையில்தான் இருந்தாள். அவள் வாய்மொழியைச் சான்றாக ஏற்கும் சட்டந்தான் இல்லை. பத்து இலட்சத்தை அண்மிய மக்கள் நாடற்றவராயினர்.

இப்பாடல் மரபைப் பொதுமேடைக்குக் கொண்டுவந்தவர்களுள் மீனாட்சியம்மாளை மறத்தலாகாது. அட்டனிலிருந்து தொழிற்சங்கம் வளர்த்த கோ. நடேசய்யரின் துணைவியார் அவர். கூட்டங்களில் அவர் பாடுவார், தொழிலாளர் திரள்வர். தோட்ட மக்களின் துயரைப் பாடும் அவரது பாடல்கள் 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் பெயரில் சிறு நூலாக வந்தன. மெட்டுகள் மக்கள் அறிந்தவையாதலால் பாட்டு வாய்க்கு வாய் தாவியது. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவர் செய்த அரசியற் பணிகளை ஒதுக்கிவிட்டாலும் இந்த ஒன்றே போதும்.

1964 அக்டோபரில் சிறிமா–சாத்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று கணக்குப் பிரித்தார்கள். கணக்கில் குடும்பங்கள் இல்லை, தலைகள்தாம் இருந்தன. மகனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, மகளுக்கு இலங்கைப் பிரசாவுரிமை என்று வீடுகள் பிளந்தன. தலைமன்னாருக்குச் செல்வோரை ஏற்றிய புகைவண்டிக்கு மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயரிட்டார்கள். இறந்தோருக்கு மட்டுமே பாடிப் பழகிய மூதாட்டியர், உயிரோடு கையசைத்து நிற்கும் பிள்ளைகளுக்காக அட்டன் நிலைய மேடையில் பாட நேர்ந்தது. வண்டி நகர்ந்த பின்னும் சிலர் அங்கேயே அமர்ந்துவிட்டனர்.

சென்றவர்களுள் பலர் மண்டபம் முகாமைக் கடந்து நீலகிரிக்குப் போனார்கள். கோத்தகிரியிலும் கூடலூரிலும் மீண்டும் தேயிலை, மீண்டும் குளிர். இலங்கையில் இந்தியாக்காரர் எனப்பட்டவர்கள் அங்கே சிலோன்காரர் ஆனார்கள். பெயர் மாறியதேயன்றித் தொழில் மாறவில்லை. உத்தரத்தில் பழஞ்சேலைத் தொட்டிலும் மாறவில்லை. அதை ஆட்டியபடி பாடிய கிழவிக்குச் சீர் கொண்டுவரும் தாய்மாமன் இப்போது கடலுக்கு அப்பால், அட்டனில் இருந்தான்.