தாழ்வான காரில் ஏறி இறங்குவது எப்படி?

(மாகறலில் நடந்த சங்கக் கூட்டத்தில் பேசியது)



நம் பார்க்கிங்கிலும் தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார்கள் நிற்கின்றன. அவற்றில் முதலில் தேய்வது ஓட்டுநர் சீட்டின் வெளிப்பக்க விளிம்பு. வளைவுகளில் உடம்பு சாயாமல் தாங்குவதற்காக அதை உயர்த்தி வைத்திருப்பார்கள். நாம் அதன்மேல் சறுக்கியே ஏறி இறங்குகிறோம். நாளடைவில் தோல் வெடிக்கும், ஃபோம் நசுங்கும்.

முதலில் இடம் வேண்டும். இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்தில் ஓடும் ஃபார்முலா கார்களில் ஸ்டியரிங்கைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருவார்கள். 1954-இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்.எல். காரில் ஸ்டியரிங் மடங்கும். நம் காரில் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, ஸ்டியரிங்கை மேலே ஏற்றினால் போதும்.

ஏறும்போது காருக்கு முதுகு காட்டி நின்று, விளிம்பைத் தாண்டி சீட்டின் நடுவில் உட்காருங்கள். பிறகு இரு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். பட்டுப்புடவை கட்டியவர்கள் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டால் ஜரிகை மாட்டாது.

இறங்கும்போது இரு பாதங்களையும் தரையில் ஊன்றி, கதவு நிலையைப் பிடித்து, முன்னால் குனிந்து எழுங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கும் இதுவே சுலபம். விளிம்பில் கை ஊன்ற வேண்டாம். பின்பாக்கெட்டில் சாவியும் வேண்டாம்.

இதற்கெல்லாம் கதவு நன்றாகத் திறக்க வேண்டும். இரண்டு கதவுக் கார்களில் கதவு நீளமும் அதிகம். பக்கத்து வண்டி கோட்டை ஒட்டி நின்றால், உடம்பை நெளித்து உரசித்தான் இறங்க முடியும். எந்த வண்டியானாலும் கோடுகளுக்கு நடுவில் நிறுத்துங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டும் முழங்காலும் பிழைக்கும்.