கந்தைத் துணியும் கைப்பிடிச் சுவரும்



'நான் நாளும் படிக்கும் நூல்' என்னும் பொதுத்தலைப்பில் உரையாற்றுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். எனக்கு முன் பேசியவர்கள் கம்பனையும் பாரதியையும் எடுத்துக்கொண்டார்கள். தமிழ் பயிற்றுவிக்கும் ஒருத்தி விவிலியத்தை எடுத்துக்கொள்வது உங்களுள் சிலருக்கு வியப்பளிக்கலாம். இது சமய உரையன்று. அதற்குரிய மேடைகள் வேறு. நாள்தோறும் விடியலில் ஓர் அதிகாரம் என்ற அளவில் நெடுங்காலமாகத் தனித்திருந்து படித்துவரும் ஒரு வாசகியின் குறிப்பேட்டிலிருந்து சில பக்கங்கள் என்று இதனைக் கொள்ளுங்கள்.

என் மேசைமேல் இரண்டு பதிப்புகள் உள்ளன. ஒன்று, ஹென்றி பவர் தலைமையிலான குழுவினர் உருவாக்கி 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழிவந்த பரிசுத்த வேதாகமம். மற்றொன்று, 1995இல் வெளிவந்த திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்பு. முன்னதன் வடமொழிக் கலப்பு தமிழாசிரியராகிய என்னைச் சிலபோது உறுத்தும். எனினும், வாய்விட்டுப் படிக்கையில் முன்னதன் நடைக்குள்ள ஓசை பின்னதற்கு வாய்க்கவில்லை என்பது என் துணிபு. இதுபற்றி வழக்காட விரும்பும் நண்பர்கள் தேநீர் இடைவேளையில் என்னைச் சந்திக்கலாம்.

சங்கப் பாடலொன்றை வகுப்பில் நடத்தும்போது, மாணவியரிடம் நான் முதலில் கேட்பது, பாட்டில் என்னென்ன பொருள்கள் இருக்கின்றன என்பதுதான். மரம் எது, பறவை எது, உணவு எது, பறை எது என்று தொல்காப்பியர் கருப்பொருள் என வகுத்தவற்றை எண்ணி எடுத்துவிட்டால், உரிப்பொருள் பெரும்பாலும் தானே துலங்கிவிடும். அப்பழக்கம் விவிலிய வாசிப்பிலும் என்னை விடவில்லை. கோட்பாடுகளைத் தேடிப் போகாமல், அந்நூலின் மாந்தர் தம் கையில் எடுக்கும் பொருள்களையே பென்சிலால் அடிக்கோடிட்டு வந்தேன். சுவர், திரிகைக்கல், போர்வை, கதிர்த்தாள், கயிறு, கந்தைத் துணி. இவற்றை ஒருசேர வைத்து நோக்கியபோது ஒன்று புலப்பட்டது. பிறர்க்கு உதவுக என்று சொல்வதோடு அந்நூல் நின்றுவிடவில்லை. பெறுபவர் கூசாதபடி உதவும் செய்முறையையும், கைவினைஞர் ஒருவர் தம் தொழிலைச் சொல்லிக்கொடுப்பதுபோல, ஆங்காங்கே சொல்லி வைத்திருக்கிறது.

சுவரிலிருந்து தொடங்குகிறேன். இணைச்சட்டம் என்னும் உபாகமத்தின் இருபத்திரண்டாம் அதிகாரத்தில், புதுவீடு கட்டுகிறவன் தன் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும் என்றொரு விதி வருகிறது. எவரேனும் தவறி விழுந்தால் அப்பழி அவ்வீட்டின்மேல் வரும் என்பது காரணம். அந்நாட்டு வீடுகளின் தட்டைக் கூரை, நம் மொட்டை மாடியைப் போலவே புழங்கும் இடம். எரிகோவில் இராகாப் என்பவள் ஒற்றர் இருவரைத் தன் மாடியில் பரப்பியிருந்த சணல்தட்டைகளுக்குள் மறைத்துவைத்தாள்; யோப்பாவில் பேதுரு நண்பகலில் மாடிக்குச் சென்று வேண்டுதல் செய்தார். ஆகவே சுவர் வேண்டும். விழுந்தபின் ஓடிவந்து தூக்குவது இரக்கம்; இன்னும் விழாத, யாரென்றும் அறியாத ஒருவருக்காகச் செங்கல் வாங்குவதை என்னவென்று சொல்வது? நான் காப்பாளராக இருந்த மாணவியர் விடுதியொன்றில் மாடிச்சுவரை உயர்த்தித் தருமாறு எழுதிக் கேட்டபோது, இதுவரை எவரும் விழவில்லையே என்று மறுமொழி வந்தது. இரண்டாம் முறை எழுதிய மடலில் இவ்விதியை எடுத்துக்காட்டினேன். சுவர் உயர்ந்தது. மூவாயிரம் ஆண்டு மரபுக்கு அலுவலகக் கோப்பிலும் கொஞ்சம் மதிப்பு இருக்கிறது போலும்!

அதே நூலின் இருபத்துநான்காம் அதிகாரம் கடனைப் பற்றியது. கடன் கொடுத்தவன் அடகுப்பொருளை எடுக்கக் கடனாளியின் வீட்டுக்குள் நுழையக்கூடாது. வாசலுக்கு வெளியே நிற்கவேண்டும். கடனாளியே அதனை வெளியே கொண்டுவந்து தரவேண்டும். பலமுறை படித்தும் இவ்விதியின் நுட்பம் எனக்கு வியப்பூட்டுவதாகவே உள்ளது. கடன் தள்ளுபடி செய்யப்படவில்லை. பொருள் கைமாறத்தான் போகிறது. ஆயினும், எதைக் கொடுப்பது என்று தெரிந்தெடுக்கும் உரிமை உள்ளே இருப்பவனுடையது. அவன் வீட்டு மூலையில் எத்தனை பானை காலியாகக் கவிழ்ந்திருக்கிறது என்பதைக் கடன் கொடுத்தவன் காணவேண்டியதில்லை. திரிகைக்கல்லை அடகு வாங்கலாகாது, அது அவன் பிழைப்பு என்கிறது அதே அதிகாரம். ஏழையின் போர்வையாயின், கதிரவன் மறையுமுன் திருப்பித் தந்துவிடவேண்டும். இரவில் அவன் எதைப் போர்த்துக்கொண்டு உறங்குவான்? குழுக்கடன் தவணைக்காக நடுவீட்டில் வந்து அமர்ந்து, அண்டை அயலார் கேட்கக் கணக்குச் சொல்லும் காட்சிகளை நம் தெருக்களில் காண்கிறோம். தவணை கேட்க வருகிறவர் எவ்விடத்தில் நிற்கவேண்டும் என்று ஓர் எல்லைக்கோட்டை அப்பழஞ்சட்டம் வாசற்படியிலேயே கிழித்துவிட்டது.

ரூத்தின் கதையை நீங்கள் அறிந்திருக்கக்கூடும். கணவனை இழந்த மோவாபிய நாட்டுப் பெண். தன்னைப்போலவே கணவனை இழந்த மாமியாராகிய நகோமியுடன் பெத்லகேமுக்கு வருகிறாள். வாற்கோதுமை அறுவடை தொடங்கும் காலம். அறுப்பவர் பின்னே சென்று சிந்திய கதிர்களைப் பொறுக்கப் புறப்படுகிறாள். நம் ஊர் வயல்களிலும் எளியோர் கதிர் பொறுக்கிப் பிழைத்ததை உங்களில் மூத்தவர்கள் கண்டிருப்பீர்கள். இசுரயேலரிடையே அது சட்டப்படி எளியவரின் உரிமை: வயலோரத்தை முற்ற அறுக்கலாகாது, மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிச் செல்லலாகாது.

அவ்வயலின் உரிமையாளர் போவாசு வசதியானவர். நகோமியின் கணவனுக்கு உறவினருங்கூட. இரண்டு மூட்டைத் தானியத்தை வண்டியிலேற்றி அவ்வீட்டிற்கு அனுப்பியிருக்கலாம். ஊரும் அவரைப் புகழ்ந்திருக்கும். அவர் செய்தது வேறு. தம் வேலையாட்களை அழைத்து, அரிகளிலிருந்து சில கதிர்களை வேண்டுமென்றே உருவி அவளுக்காக விட்டுவிடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்று ஆணையிடுகிறார். அவள் மாலைவரை பொறுக்குகிறாள். தானே தட்டிப் புடைக்கிறாள். ஏறத்தாழ ஓர் எப்பா, அதாவது 22 லிட்டர் அளவுள்ள தானியத்துடன் வீடு திரும்புகிறாள். அன்றைய நல்வரவில் தன் உழைப்பின் பங்கு எவ்வளவு, போவாசின் கொடையின் பங்கு எவ்வளவு என்று அவளால் பிரித்தறிய முடியாது. ஈத்துவக்கும் இன்பத்தைப் பேசுகிற நாம், கொடுத்த கை மறைந்துபோகும் இந்த ஏற்பாட்டை இன்னும் கூர்ந்து நோக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு கல்வி நிறுவனத்தின் விழாவில், 'ஏழை மாணவியர்க்கு இலவசக் குறிப்பேடு வழங்குதல்' என்று எழுதிய துணிப்பதாகையின் கீழ் பெயர் பெயராக அழைத்தார்கள். ஒரு பெயரை மும்முறை அழைத்தும் எவரும் எழவில்லை. அப்பெயருக்குரியவள் எனக்கு இரண்டு வரிசை முன்னே, குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். விழா முடியும்வரை அவள் நிமிரவில்லை. அவளுக்குக் குறிப்பேடு தேவைப்படாமலில்லை. அடுத்த பருவம் முதல் எங்கள் துறையில் நூலக அட்டை எழுதுதல், கையெழுத்துப் படி எடுத்தல் எனச் சில பணிகளை உண்டாக்கி, அவற்றிற்கு ஊதியமாகத் தொகையைக் கொடுக்கலானோம். பணி செய்தவர் யாரும் ஏழைகள் பட்டியலில் இல்லை. பணியாளர் பட்டியலில்தான் இருந்தனர்.

இனி, கந்தைத் துணி. எரேமியா நூலின் முப்பத்தெட்டாம் அதிகாரம். காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கம். பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டிருக்கின்றனர். சரணடைந்தால் பிழைப்பீர்கள் என்று சொன்ன இறைவாக்கினர் எரேமியாவைத் தலைவர்கள் பிடித்து, நீரற்ற சேற்றுக்கிணற்றில் கயிறு கட்டி இறக்கிவிடுகின்றனர். அவர் சேற்றில் புதைகிறார். அரண்மனையில் பணிபுரியும் எபேது மெலேக்கு என்னும் எத்தியோப்பியர் அரசனிடம் சென்று அவருக்காகப் பேசி, ஆட்களையும் பெற்றுக்கொண்டு வருகிறார். எபேது மெலேக்கு என்றால் அரசனின் ஊழியன் என்றுதான் பொருள். அது அவருடைய சொந்தப் பெயர்தானா என்பதே ஐயம். அயல்நாட்டவர், ஏவலர், பெயரும் உறுதியில்லாதவர். நகரில் உணவு தீர்ந்துவருகிறது. கிணற்றில் ஒருவர் இறந்துகொண்டிருக்கிறார். உடனே கயிற்றை வீசியிருக்கலாம். அவரோ அரண்மனைக் கருவூலத்தின் அடியிலுள்ள அறைக்குச் சென்று பழந்துணிகளையும் கந்தைகளையும் எடுத்து வருகிறார். கருவூலத்தின் பக்கம் போனவர் எடுத்துவந்தது கந்தை! அதனையும் சேற்றில் எறியாமல் கயிற்றில் கட்டி இறக்குகிறார். இவற்றை அக்குளில் கயிற்றுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று மேலிருந்து சொல்கிறார். அதன் பின்னரே தூக்குகிறார்கள்.

கயிறு இரண்டு முறை வருகிறது, கவிஞர்களே. கிணற்றில் இறக்கியவர்களும் கயிற்றால்தான் இறக்கினார்கள். மீட்டவரும் கயிற்றால்தான் மீட்டார். இடையில் நின்று வேறுபாட்டைச் செய்வது துணி. மெலிந்த உடம்பைக் கயிறு அறுக்கும் என்பதைத் தன் உடம்பில் முன்கூட்டியே உணர்ந்த ஒருவருக்குத்தான் அத்துணியின் நினைவு வரும். இப்பகுதியைப் படித்த நாள்முதல், ஆய்வு மாணவியரின் இயல்களைத் திருத்தும் முறையை மாற்றிக்கொண்டேன். அவள் சொல்ல வந்ததில் எனக்கு விளங்கியது எது என்பதை முதலில் ஒரு வாக்கியமாக எழுதுகிறேன். பிறகே பிழைகளைச் சுட்டுகிறேன். சுட்டும் பிழைகளின் எண்ணிக்கை குறையவில்லை. அவர்கள் திரும்பி வரும் விரைவு கூடியிருக்கிறது.

நம் மாதக் கூட்டங்களில் இளங்கவிஞர் ஒருவர் முதன்முதலாகத் தம் பாடலைப் படித்து முடித்தவுடன் என்ன நிகழ்கிறது? தளை தட்டுகிறது, உவமை பழையது, இது கவிதையே அன்று. மூன்று கருத்துகள், மூன்று கயிறுகள். கருத்துகள் பெரும்பாலும் சரியானவையே. பொய்யாகப் புகழவேண்டும் என்று நான் சொல்லவில்லை. கயிறில்லாமல் எவரையும் கிணற்றிலிருந்து தூக்கமுடியாது. ஆனால், ஒருமுறை படித்துவிட்டு மறுமுறை வராதவர்களின் பெயர்களை வருகைப்பதிவேட்டில் எண்ணிப் பாருங்கள். பதிவேடு செயலாளரிடம் இருக்கிறது.

இத்தகைய இடங்கள் இன்னும் பல. வாழ்வு வெறுத்துச் சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்ட எலியாவுக்கு வானதூதர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அப்பமும் நீரும் தந்து, உறங்கவிட்டு, மீண்டும் எழுப்பி உண்ணச்செய்தார். யாயீரின் மகளை உயிர்ப்பித்த இயேசு, கூடியிருந்தோர் திகைத்து நிற்கையில், சிறுமிக்கு ஏதேனும் உண்ணக் கொடுங்கள் என்றார். அடுக்களை அறிந்தவர்களுக்கு இவற்றை விளக்கவேண்டியதில்லை.

முடிக்கும் முன், நம் வட்டத்தைப் பற்றி ஒன்று. நலிவுற்ற எழுத்தாளர்க்கு அடுத்த ஆண்டு முதல் ஆண்டுவிழா மேடையில் பொன்னாடை போர்த்திப் பணமுடிப்பு வழங்கப்படும் என்று காலையில் செயலாளர் அறிவித்தார், நாம் கைதட்டினோம். நோக்கம் உயர்ந்தது. எவருடைய பெயரும் இன்னும் முடிவாகவில்லை என்பதால்தான் இப்போதே பேசுகிறேன்; பெயர் முடிவானபின் பேசினால் அது அவரைப் பற்றிய பேச்சாகிவிடும். 'நலிவுற்ற' என்னும் அடைமொழியோடு அழைக்கப்பட்டு, ஐம்பது ஆண்டு எழுதிய ஒருவர் இம்மேடையின் படிகளில் ஏறும் அந்த அரை நிமிடத்தை எண்ணிப் பாருங்கள். தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் மடலில், சிறையிலிருக்கும் முதிய பவுல், துரோவாவில் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவருமாறு கேட்கிறார்; நூல்களையும், சிறப்பாகத் தோற்சுருள்களையும் அதே மூச்சில் கேட்கிறார்; குளிர்காலத்திற்கு முன் வந்துவிடு என்கிறார். குளிருக்குப் போர்வை தேவைப்படும்போதும் எழுத்தாளர் எழுத்தாளராகவே இருக்கிறார்.

ஆகவே, செயற்குழுவின் முன் என் வேண்டுகோள் இது. அத்தொகைக்கு அவருடைய நூல்களின் படிகளை முழுவிலை கொடுத்து வாங்குவோம். கழிவு கேட்கவேண்டாம். நூல் அச்சில் இல்லையெனில் கையெழுத்துப் படியைப் பெற்று, அச்சிடும் உரிமைக்கென முன்பணம் தருவோம். நம்முள் இருவர் அவர் வீட்டிற்குச் சென்று, வாசலில் நின்று கேட்டு, எத்தனை படிகள் தர இயலும் என்பதை அவரே முடிவுசெய்ய விட்டுவிடட்டும். வாங்கிய நூல்களை நம் வட்டாரப் பள்ளி நூலகங்களுக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை என் துறை மாணவியர் ஏற்றுக்கொள்வர். அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.