காவற்கூடத்தின் கதவு
(ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளிக்கூடமாயினும் வங்கியாயினும் நூல்நிலையமாயினும், இன்று அங்குள்ள கணினிகள் ஒரு வலையமைப்பாக இணைந்திருக்கின்றன. அவ்வலையமைப்புக்கும் வெளியே பரந்து கிடக்கும் இணையத்துக்கும் நடுவே நின்று காவல் புரிவதே தீச்சுவர். வருகின்ற ஒவ்வொரு தரவுப் பொதியையும் அது மறித்து, எங்கிருந்து வருகின்றது, எவ்விடம் செல்கின்றது, எந்த வாயிலை நாடுகின்றது என்று ஆராயும். விதிக்கு இசைந்தால் வழிவிடும், இசையாவிடின் தடுத்துவிடும்.

இக்காவலனுக்குக் கட்டளையிடுவது எங்ஙனம்? உலாவியிலே தீச்சுவரின் முகவரியைக் கொடுத்தால் ஒரு வலைப்பக்கம் தோன்றும். விதிகள் யாவும் அதில் அட்டவணையாக விரியும். 2004ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பிஎஃப்சென்ஸ் என்னும் தீச்சுவரை உதாரணமாகக் கொள்வோம். அதன் உட்பக்க முகவரி, நிறுவும்போது 192.168.1.1 என்றிருக்கும். தொடக்கத்தில் அதற்கு அமைந்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கையேட்டிலேயே அச்சாகியுள்ளன. உலகறிந்த அச்சொல்லை மாற்றுவதே முதற் கடமை.

அட்டவணையின் விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். முதலிற் பொருந்தும் விதியே தீர்ப்பாகும். "எவரும் எங்கும் செல்லலாம்" என்ற விதியை உச்சியில் வைத்துவிட்டு, அதன் கீழே நூறு தடைகளை எழுதினாலும் பயன் யாது? விதியைச் சேமித்தால் மட்டும் போதாது. நடைமுறைப்படுத்தும் பொத்தானையும் அழுத்தல் வேண்டும். நிர்வாகி தன்னையே வெளியே பூட்டிக்கொள்ளாதிருக்க, உட்பக்கத்திலிருந்து இவ்வலைப்பக்கத்தை அடைய என்றும் இடமளிக்கும் விதியொன்றும் முன்னரே அமைக்கப்பட்டுள்ளது.

அன்பர்களே, இங்கேதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய விஷயம் உளது. அந்த வலைப்பக்கமும் ஒரு கதவு. வீட்டிலிருந்தே வேலையை முடிக்கலாமென்று கருதி, அதனை இணையத்தின் பக்கமாகத் திறந்து வைப்போர் பலர். நமக்கு எளிதான வழி கள்வனுக்கும் எளிதன்றோ?

"கடவுச்சொல் வலிதாயிருந்தாற் போதாதோ?" என்று நீங்கள் வினவலாம். போதாது என்பதற்கு இரு சான்றுகள் கூறுவேன். 2020 ஏப்ரலில், சோபோஸ் நிறுவனத்தின் தீச்சுவர்களில் நிர்வாகப் பக்கமோ பயனர் பக்கமோ வெளியே திறந்திருந்தவை தாக்கப்பட்டன. 2024 நவம்பரில், பாலோ ஆல்டோ நிறுவனத்தின் தீச்சுவர்களிலும் நிர்வாகப் பக்கத்தின் வழியாக அந்நியர் நுழைந்து நிர்வாகியின் அதிகாரத்தைப் பெற்றனர். இரு வேளைகளிலும் அவர்கள் கடவுச்சொல்லை ஊகிக்கவில்லை. மென்பொருளில் இருந்த குறையினால் அச்சொல் கேட்கப்படும் இடத்தையே கடந்து சென்றனர். வெளியாருக்கு அப்பக்கம் எட்டாதவாறு வைத்திருந்தோருக்கு ஆபத்து மிகக் குறைவாயிருந்தது. வேலியே பயிரை மேய்ந்தது என்பார்களே, காவற்கருவி பகைவன் கைப்பட்டால் நேர்வது அதுவே.

ஆதலின் நிர்வாகிகள் செய்யத்தக்கவை சில. நிர்வாகப் பக்கத்தை உள்ளேயுள்ள குறித்த சில கணினிகளுக்கு மட்டும் திறந்து வையுங்கள். வெளியூரிலிருந்து பணியாற்ற நேர்ந்தால், மறைகுறியாக்கப்பட்ட தனிவழியால் முதலில் உள்ளே வந்து, பின்னரே அப்பக்கத்தைத் திறவுங்கள். திருத்தப் பதிப்பு வெளிவந்தால் தாமதியாது ஏற்றுங்கள். எம்மாற்றத்துக்கும் முன்னர் அமைப்புக் கோப்பின் பிரதியொன்றை எடுத்து வையுங்கள். ஒவ்வொரு விதிக்கும் எதிரே, அதனை ஏன் இட்டீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். காரணம் எழுதப்படாத விதியை நீக்கப் பின்வருவோர் அஞ்சுவர். ஒரு நாளைக்கென்று திறந்த வாயில் பல்லாண்டு திறந்தே கிடக்கும்.

நோயாளியின் குறிப்பும் மாணவனின் புள்ளியும் ஏழையின் சேமிப்பும் இச்சுவரின் பின்னேதான் இருக்கின்றன. அவர்களில் எவரும் அந்த நிர்வாகியைக் கண்டறியார். ஆயினும் அவரை நம்பியே இருக்கின்றனர். அந்நம்பிக்கைக்கு உரியவராக விரும்புவோர், பிறர் வாயில்களைக் காக்குமுன் தமது காவற்கூடத்தின் கதவைச் சாத்துவாராக.