தகரமா, தளமா?

(சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் கட்டடக் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் தெருக்கோடித் தொடக்கப்பள்ளிக்கு இரண்டு வகுப்பறை கட்டித் தர நிதி திரட்டி வருகிறோம். காங்கிரீட் தளத்துக்குப் பதில் தகரக் கூரை போட்டால் செலவு குறையும் என்று சிலர் சொல்கிறார்கள். முடிவெடுக்கும் முன் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முன்பெல்லாம் பல பள்ளிகளில் கீற்றுக் கூரைதான். குளுமைக்குக் குறைவில்லை. ஆனால் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீக்குப் பறிகொடுத்தோம். அதன்பின் பள்ளிகளில் கீற்றுக்கு இடமில்லை, அது சரிதான். அதற்காக வெறும் தகரம் மாற்று ஆகிவிடாது.

தகரம் வெயில் பட்ட சில நிமிடங்களில் சூடாகி, அனலை நேராகப் பிள்ளைகளின் தலைமேல் இறக்கும். காங்கிரீட் தளம் மெதுவாகச் சூடேறி மெதுவாக விடும். இரவு ஒன்பது மணிக்கும் படுக்கையறை ஏன் வேகிறது என்று நம் மேல்தள வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். பள்ளிக்கோ அந்தத் தாமதம் ஓரளவு நல்லது. மாலையில் அறை காலியாகிவிடும். மேலே தட்டோடு பதித்து வெள்ளைக் கூலிங் பெயின்ட் அடித்தால், வெயிலின் பெரும்பகுதி தளத்தில் ஏறாமலே திரும்பிவிடும்.

தகரமே கூடாதா? முறையோடு போடலாம். ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில் காண்டோ என்ற கிராமத்துக்கு, அவ்வூர்க்காரரான ஃபிரான்சிஸ் கேரே 2001-இல் ஒரு பள்ளி கட்டி முடித்தார். சுவர், களிமண்ணில் சிறிது சிமென்ட் கலந்து அழுத்திய கற்கள். அறைக்கு மேலே இடைவெளி விட்டு அடுக்கிய மண்கல் விதானம். அதற்கும் மேலே, கம்பிச் சட்டத்தில் உயர்த்திய தகரக் கூரை. சூடான காற்று இடைவெளி வழியே மேலேறி வெளியேறிவிடும், ஏசி தேவைப்படவில்லை. 2022-இல் பிரிட்ஸ்கர் விருது பெற்றவர் இவர்.

அந்த இரட்டைக் கூரைக்குத் தச்சரும் கம்பி வேலையும் கூடுதலாக வேண்டும். நமக்குத் தளமே எளிது.

சூடான அறையில் ஃபேன் அனலைத்தான் சுற்றிவிடும். கூரைச் செலவு ஒருமுறை. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் பள்ளியின் தலையில்.

என் கோரிக்கை மூன்று: தட்டோடும் வெள்ளைப் பூச்சும் போட்ட தளம், மேற்குச் சுவருக்கு நிழல் மரம், எதிரெதிர் ஜன்னல்களோடு உயரத்தில் வென்டிலேட்டர். அங்கே படிப்பவர்கள் நம் காவலர்களின், நம் வீட்டு வேலைக்கு வருகிறவர்களின் பிள்ளைகள். நாம் இருக்கத் தயங்கும் அறையை அவர்களுக்குக் கட்ட வேண்டாம்.